குருதி கூறும் சான்று: முடக்குவாத ஆராய்ச்சியின் வரலாறு

மூட்டுவலி என்றாலே அது முதுமையின் வரவு என்று எண்ணி வாளா இருப்போர் நம்மிடையே பலர். ஆனால் மூட்டுகளை வருத்தும் நோய்கள் ஒன்றல்ல, பல. தேய்மானத்தால் முழங்காலில் தோன்றும் வலி வேறு. முடக்குவாதம் என மருத்துவர்கள் வழங்கும் நோய் வேறு. பின்னது முதியோரை மட்டும் நாடுவதன்று. முப்பது வயதிலும் வரும், நாற்பது வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களை ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றும். காலையில் கண் விழித்ததும் இரு கைகளின் விரல் மூட்டுகளும் மணிக்கட்டுகளும் ஒருங்கே வீங்கி விறைத்து நிற்கும். நெடுநேரம் கடந்த பின்னரே விரல்கள் மடங்கும். கவனியாது விட்டால் மூட்டின் உட்சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கும். சில ஆண்டுகளில் விரல்கள் கோணி, எழுதுகோலைப் பிடிக்கவும் இயலாத நிலை வரக்கூடும். கைகால் ஒருபுறம் செயலற்றுப் போகும் பக்கவாதம் இதனின் முற்றிலும் வேறானது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ள வேண்டும்.

இந்நோய் புறத்தேயிருந்து வரும் பகைவனால் விளைவதன்று. உடலைக் காக்க அமைந்த காவலே உடலைத் தாக்குவதால் விளைவது. அக்காவலின் கருவிகளுள் ஒன்று எதிர்ப்பொருள். நோய்க்கிருமி உடலினுள் புகுந்தால், அதனைப் பற்றிப் பிடிப்பதற்கென்றே வெள்ளணுக்களில் ஒருவகை உண்டாக்கும் புரதமே எதிர்ப்பொருளாகும். முடக்குவாத நோயாளர் பலரின் இரத்தத்தில், தம் உடலின் பொருள்களையே பற்றும் எதிர்ப்பொருள்கள் காணப்படுகின்றன. அவற்றைத் தேடும் சோதனைகள் இன்று எல்லா நகரங்களிலும் நடக்கின்றன. அறிக்கையில் 'ஆர்.எஃப்.' என்றும், 'ஆன்டி-சிசிபி' என்றும் அச்சிட்டு வருவன இவையே. முதலாவதை 'முடக்குவாதக் காரணி' என மொழிபெயர்ப்பதுண்டு. நோய்க்குக் காரணமே இதுதான் என்ற மயக்கத்தை அச்சொல் தருதலின், இக்கட்டுரையில் 'முடக்குவாதக் கூறு' என்றே வழங்குவோம்.

அறிக்கையில் 'உண்டு' என்றிருந்தால் அஞ்சி நடுங்குவதும், 'இல்லை' என்றிருந்தால் வலியைப் பொருட்படுத்தாது விடுவதும் மக்கள் இயல்பு. இரண்டும் தீங்கு பயப்பன. இச்சான்று எதைக் கூறும், எதைக் கூறாது என்பதை அறிய, அது கண்டறியப்பட்ட வரலாற்றைச் சற்று நோக்குதல் பயனுடையதாகும்.

நோய்க்குப் பெயர் வந்த வகை

1800 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துச் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணிபுரிந்த லாந்திரே-பொவே என்னும் இளம் மருத்துவர் தம் பட்டத்திற்குரிய ஆய்வுரையை எழுதினார். அக்காலத்தில் மூட்டு வீங்கினால் 'கவுட்' என்னும் நோய் என்பதே பொதுவான கருத்து. உண்டு கொழுத்த செல்வர்களுக்கு, பெரும்பாலும் ஆண்களுக்கு, வரும் நோயாகவே அது கருதப்பட்டது. அவர் கண்ட ஒன்பது நோயாளிகளோ பெண்கள். பல மூட்டுகள் ஒருங்கே வீங்கி, நாட்பட நீடித்து, உடலை மெலிவித்த இந்நோய் கவுட்டைப் போன்றதன்று என அவர் கருதினார். அவர் இட்ட பெயர் நிலைக்கவில்லை. அவர் கண்ட வேறுபாடு நிலைத்தது.

அவ்வேறுபாட்டை இரத்தத்தைக் கொண்டு மெய்ப்பித்தவர் இலண்டன் மருத்துவர் ஆல்பிரட் பேரிங் கேரட் ஆவார். கவுட் நோயாளரின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை அவர் 1848 இல் காட்டினார். மற்றொரு வகை மூட்டுநோயில் அம்மிகுதி காணப்படவில்லை. 1859 இல் வெளியிட்ட நூலில் அவ்வகைக்கு அவர் சூட்டிய பெயரே 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என இன்றும் வழங்குகிறது. எனவே இந்நோய் தனிப்பெயர் பெற்றதற்கே இரத்தம் தந்த சான்று துணையாயிற்று. ஆயின் அச்சான்று 'இஃது அந்நோயன்று' என்று மட்டுமே கூறிற்று. 'இன்ன நோய்' என்று கூறவில்லை. அதற்கு இன்னும் எண்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கிருமியைத் தேடிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காசம், காலரா முதலிய நோய்களின் கிருமிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறியப்பட்டன. முடக்குவாதத்திற்கும் ஒரு கிருமி இருத்தல் வேண்டும் என்று மருத்துவர்கள் எதிர்பார்த்ததில் வியப்பில்லை. 1912 இல் சிகாகோ நகரப் பேராசிரியர் பிராங்க் பில்லிங்ஸ், பல்லின் வேரிலோ தொண்டைச் சதையிலோ ஒளிந்திருக்கும் கிருமியே மூட்டு நோய்க்கு மூலம் என எடுத்துரைத்தார். இக்கொள்கை காட்டுத்தீப்போல் பரவிற்று. பல்லாயிரவர் தம் பற்களையும் தொண்டைச் சதையையும் இழந்தனர்; மூட்டு நோயோ பெரும்பாலோர்க்கு நீங்கவில்லை.

நியூயார்க் மருத்துவர் ரஸ்ஸல் சீசிலும் அவர் துணைவர்களும் நோயாளரின் இரத்தத்தில் ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியைக் கண்டதாக 1929 இல் அறிவித்தனர். பிறர் செய்து பார்த்தபோது அம்முடிவு உறுதிப்படவில்லை. எனினும் அம்முயற்சியில் ஒரு பயன் விளைந்தது. நோயாளரின் சீரத்தை, அஃதாவது இரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் மஞ்சள் நிற நீரை, அக்கிருமிகளோடு கலந்தால் அவை ஒட்டித் திரண்டன. கிருமியே நோய்க்குக் காரணம் என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்பட்டது. ஒட்டச் செய்த பொருள் வேறொன்றாக இருக்கலாம் என்பது அப்போது தோன்றவில்லை.

சீசிலின் நேர்மையை ஈண்டுக் குறிப்பிடாமல் இருத்தல் இயலாது. 1938 இல் தாமே 200 நோயாளிகளின் வரலாறுகளை ஆராய்ந்து, பல்லையும் தொண்டைச் சதையையும் அகற்றுவதால் பயனில்லை என்று எழுதினார். முன்பு தாம் ஆதரித்த கொள்கையைத் தாமே கைவிடுவதற்குத் துணிவு வேண்டும்.

ஆஸ்லோ நகரில் ஒரு சோதனைக் குழாய்

1937 ஆம் ஆண்டு நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் எரிக் வாலர் என்னும் மருத்துவ அறிஞர் ஒரு வழக்கமான இரத்தச் சோதனையைச் செய்துகொண்டிருந்தார். அச்சோதனையின் முறை இது: செம்மறியாட்டின் சிவப்பணுக்களை எடுத்து, அவற்றுக்கு எதிராக முயலின் உடலில் உண்டான எதிர்ப்பொருளை அவற்றின்மேல் படியச் செய்வர். சீரத்தில் இயல்பாக உள்ள துணைப்பொருள் என்னும் புரதத் தொகுதி குழாயில் எஞ்சியிருந்தால் அவ்வணுக்கள் வெடித்துக் கரையும். நீர் சிவந்து தெளியும். துணைப்பொருள் முன்னரே செலவாகியிருந்தால் அணுக்கள் வெடியாமல் அடியில் படியும். விடை இவ்விரண்டில் ஒன்றாகத்தான் இருத்தல் வேண்டும்.

வாலர் கண்டதோ இரண்டும் அன்று. அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகத் திரண்டிருந்தன. அந்தச் சீரம் முடக்குவாத நோயாளி ஒருவருடையது. குழாய் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டு மீண்டும் தொடங்குவது எளிது. வாலர் அவ்வாறு செய்யவில்லை. முயலின் எதிர்ப்பொருள் படிந்த அணுக்களையும் படியாத அணுக்களையும் ஒப்பிட்டார். நோயாளர், நோயற்றோர் ஆகியோரின் சீரங்களை ஒப்பிட்டார். எதிர்ப்பொருள் படிந்த அணுக்களையே ஒட்டச் செய்யும் ஏதோ ஒரு பொருள் முடக்குவாத நோயாளர் பலரின் சீரத்தில் உண்டு என்ற முடிவுக்கு வந்தார். இதனை 1940 இல் கட்டுரையாக வெளியிட்டார். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ஜெர்மானியப் படைகள் நார்வேயினுள் புகுந்தன. போர் மூண்ட அந்நாளில் அக்கட்டுரை உரிய கவனம் பெறவில்லை.

நியூயார்க்கில் மீண்டும்

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1948 இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக் கழகத்தைச் சார்ந்த ஹாரி ரோஸ், சார்லஸ் ராகன் முதலியோர் இதே நிகழ்ச்சியைத் தனியே கண்டு அறிவித்தனர். இம்முறை உலகம் செவிசாய்த்தது. இருவர் பெயரும் இணைந்து 'வாலர்-ரோஸ் சோதனை' என்ற வழக்கு உண்டாயிற்று. சீரத்தை இரு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என நீர்த்துக்கொண்டே சென்று, எந்த அளவுவரை அணுக்கள் ஒட்டுகின்றன எனப் பார்ப்பர். மிக நீர்த்த நிலையிலும் ஒட்டினால் எதிர்ப்பொருள் மிகுதி என்பது பொருள். 'உண்டு, இல்லை' என்பதோடு 'எவ்வளவு' என்றும் கூறும் ஆற்றல் இச்சான்றுக்கு வந்தது.

ஆனால் ஆட்டு இரத்தத்தை நம்பிச் சோதனைச் சாலை நடத்துவது எளிதன்று. ஆட்டுக்கு ஆடு அணுக்கள் வேறுபடும், நாளானால் கெடும். 1956 இல் நியூயார்க்கின் ஜாக் சிங்கர், சார்லஸ் பிளாட்ஸ் ஆகிய இருவரும் இதற்கு ஒரு வழி கண்டனர். ஆட்டின் அணுக்களுக்குப் பதிலாக, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் சிறிய லேடெக்ஸ் துகள்களின்மேல் மனித எதிர்ப்பொருளைப் படியச் செய்தனர். லேடெக்ஸ் என்றதும் நம் நாட்டுத் தோட்டங்களின் ரப்பர்ப் பால் நினைவுக்கு வரும். இஃது அதுவன்று, பாலிஸ்டைரீன் என்னும் செயற்கைப் பொருளால் ஆனது. கண்ணாடித் தகட்டில் ஒரு துளிச் சீரத்தை இதனோடு கலந்து அசைத்தால், பால்போன்ற நீர் தயிர் திரிவதுபோல் திரியும். சில நிமிடங்களில் விடை கிடைக்கும். பெரிய ஆராய்ச்சிக்கூடங்களுக்கே உரியதாயிருந்த சோதனை சிறிய மருத்துவமனைகளுக்கும் எட்டியது இதனாலேயே.

எதிர்ப்பொருளுக்கே எதிர்ப்பொருள்

ஒட்டச் செய்யும் அப்பொருள்தான் யாது? 1957 இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் ஹென்றி குங்கல், எட்வர்ட் பிராங்க்ளின் முதலியோர் நோயாளரின் சீரத்தை மிக விரைவாகச் சுழலும் எந்திரத்தில் இட்டுப் பிரித்தனர். இயல்பான சீரத்தில் காணாத மிகப் பெரிய புரதத் திரள் ஒன்று அதில் வெளிப்பட்டது. பருத்த எதிர்ப்பொருள் ஒன்று, சாதாரண எதிர்ப்பொருள்களைப் பற்றிக்கொண்டு நின்ற கூட்டமே அத்திரள் என அவர்கள் காட்டினர். முன்னதை இன்று ஐ.ஜி.எம். என்பர்; அதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 9,00,000. பின்னதாகிய ஐ.ஜி.ஜி.யின் எடை ஏறத்தாழ 1,50,000.

முடக்குவாதக் கூறு என்பது எதிர்ப்பொருளைப் பற்றும் எதிர்ப்பொருளே. வாலரின் குழாயில் அது முயலின் எதிர்ப்பொருளைப் பற்றியது; சிங்கரின் தகட்டில் மனித எதிர்ப்பொருளைப் பற்றியது. சீசிலின் கிருமிகளை ஒட்டச் செய்ததிலும் இதற்குப் பங்குண்டு எனப் பிற்காலத்தார் கருதினர். அது கிருமியின் சான்றன்று. காவலன் தன் இனத்தவனையே பிடித்ததன் சான்று. உடல் தன்னையே தாக்கும் நோய் என்ற கருத்து வலுப்பெற இஃது ஒரு பெருங்காரணமாயிற்று.

சான்றின் குறைபாடு

நிற்க. இச்சான்று முழுதும் நம்பத்தக்கதுதானா? முடக்குவாத நோயாளர் நூற்றுவரில் ஏறத்தாழ எழுபது முதல் எண்பது பேரிடம் இக்கூறு காணப்படும், எஞ்சியோரிடம் காணப்படாது. மறுபுறம், நோயே இல்லாதவர் நூற்றுவரில் ஏறத்தாழ ஐவரிடமும் காணப்படும். முதியோரிடம் இன்னும் மிகுதி. காசம், தொழுநோய், ஒருவகைக் கல்லீரல் அழற்சி ஆகியவற்றிலும் தோன்றும். இதயத்தின் உட்சவ்வைக் கிருமி பற்றிய நோயாளரிடம் இக்கூறு தோன்றுவதையும், மருந்தால் கிருமி ஒழிந்ததும் அது குறைவதையும் 1962 இல் வில்லியம்ஸும் குங்கலும் எடுத்துக் காட்டினர். நெடுநாள் கிருமியோடு போராடும் உடலில் இஃது இயல்பாகவே எழக்கூடும் என்பது அதனால் விளங்கிற்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வகுப்பில் மாணவர்க்குக் கற்பிக்கவும் இது தக்கது. ஊரில் 1,000 பேருக்கு இச்சோதனை செய்வதாகக் கொள்வோம். முடக்குவாதம் நூற்றுக்கு ஒருவர்க்கும் மிகாது. எனவே நோயாளர் 10 பேர். அவருள் 7 பேருக்கு 'உண்டு' என வரும். நோயற்ற 990 பேரில் நூற்றுக்கு ஐவர் வீதம் ஏறத்தாழ 50 பேருக்கும் 'உண்டு' என வரும். ஆக 'உண்டு' என்ற தாளைப் பெறுவோர் 57 பேர். அவருள் உண்மை நோயாளர் எழுவரே. மூட்டில் வீக்கமும் விறைப்பும் இல்லாத ஒருவர்க்கு வெறும் ஐயத்தால் இச்சோதனையைச் செய்தால், வரும் விடை அவரை வீணே அச்சுறுத்துவதற்கே வாய்ப்பு மிகுதி. விரல் மூட்டுகள் வீங்கிய ஒருவர்க்குச் செய்தாலோ அதே விடை பெரும் பொருளுடையதாகும். வினவும் இடம் அறிந்து வினவினாலன்றிச் சாட்சி சொல்லும் சொல் பயன்படாது.

கன்னத்து அணுவும் எலியின் உணவுக்குழலும்

இதனினும் தெளிவான சான்று வேண்டும் என்ற தேட்டம் தொடர்ந்தது. 1964 இல் நெதர்லாந்தின் நின்ஹுய்ஸ், மாண்டேமா என்னும் இருவர், மனிதர் கன்னத்தின் உட்புறத்திலிருந்து சுரண்டி எடுத்த அணுக்களின்மேல் நோயாளர் சீரத்தை இட்டனர். அணுவின் கருவைச் சுற்றியுள்ள சிறு துகள்களில் எதிர்ப்பொருள் படிந்தது. முடக்குவாத நோயாளரிடமே இது பெரும்பாலும் காணப்பட்டது. ஆனால் எல்லார் கன்னத்து அணுக்களும் இச்சோதனைக்கு உதவவில்லை. ஏற்ற அணுவுடையோரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. எனவே சோதனை பரவவில்லை. 1979 இல் இங்கிலாந்து மருத்துவர் சிலர், எலியின் உணவுக்குழலின் மேற்படலத்தில் படியும் எதிர்ப்பொருள் ஒன்றை முடக்குவாத நோயாளரிடம் கண்டனர். அதுவும் நுண்நோக்கியில் கண் பழகியவர்க்கே உரியதாக நின்றுவிட்டது.

கன்னத்து அணுவைப் பற்றுவதும் எலியின் குழலைப் பற்றுவதும் ஒன்றே என்பது முப்பது ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. பிரான்சு நாட்டுத் தூலூஸ் நகரில் கி சேர் என்பாரும் அவர் குழுவினரும் 1993 முதல் 1995 வரை செய்த ஆராய்ச்சியால், இரண்டும் ஃபிலாகிரின் என்னும் தோற்புரதத்தைச் சார்ந்தவை என விளங்கிற்று. ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது. ஃபிலாகிரின் மூட்டில் இல்லையே! தோலின் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளுக்கும் மூட்டு நோய்க்கும் என்ன தொடர்பு?

விடை 1998 இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரிலிருந்து வந்தது. வால்தர் வான் வென்ரோய், ஹெரார்ட் ஸ்கெல்லக்கன்ஸ் முதலியோர், இவ்வெதிர்ப்பொருள்கள் தேடுவது ஃபிலாகிரினையன்று, அதில் உள்ள சிட்ரல்லின் என்னும் அமினோ அமிலத்தையே என்று காட்டினர். 1914 இல் ஜப்பானியர் இதனைத் தர்ப்பூசணிப் பழச்சாற்றிலிருந்து பிரித்தெடுத்தனர். 1930 இல் அப்பழத்தின் இலத்தீன் பெயரைத் தழுவிப் பெயரிட்டனர். உடல் புரதங்களைக் கட்டுதற்குக் கொள்ளும் இருபது அமினோ அமிலங்களில் சிட்ரல்லின் இல்லை. புரதம் கட்டி முடிந்தபின் அதிலுள்ள ஆர்ஜினின் என்னும் அமிலத்தை ஒருவகை நொதி சிட்ரல்லினாக மாற்றுகிறது. எழுதி முடித்த சொல்லில் பின்னர் ஓர் எழுத்தைத் திருத்தியதுபோன்றது இது. அழற்சியுற்ற மூட்டிலும் பல புரதங்கள் இவ்வாறு திருத்தம் பெறுகின்றன. திருத்தப்பட்டதை உடலின் காவல் அயலாகக் கருதிவிடுகிறது. தர்ப்பூசணி உண்பதால் இந்நோய் வரும் என யாரும் அஞ்ச வேண்டா. பழத்தில் உள்ளது தனித்த அமிலம், புரதத்தில் நேர்ந்த திருத்தமன்று.

சிட்ரல்லின் பொதிந்த சிறு புரதத் துண்டை வளையமாக அமைத்து, அதனைத் தூண்டிலாகக் கொண்டு எதிர்ப்பொருளைப் பிடிக்கும் சோதனையை 2000 ஆம் ஆண்டில் அக்குழுவினரே வெளியிட்டனர். இதுவே ஆன்டி-சிசிபி. நோயாளரைக் கண்டுபிடிப்பதில் இது பழைய சோதனையை ஏறத்தாழ ஒத்தது. நோயில்லாதவரைத் தவறாகக் குற்றஞ்சாட்டாமையில் அதனை மிகவும் விஞ்சியது. 2010 இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவச் சங்கங்கள் கூடி வகுத்த விதிகளில் இவ்விரு எதிர்ப்பொருள்களுக்கும் இடமுண்டு. பத்து மதிப்பெண்ணில் ஆறு பெற்றால் முடக்குவாதம். எதிர்ப்பொருள் குறைவாயிருந்தால் 2, மிகுதியாயிருந்தால் 3. எதிர்ப்பொருளால் மட்டும் ஒருவர் ஆறு மதிப்பெண் பெறவே இயலாது என்பது கருதத்தக்கது. வீங்கிய மூட்டைக் கையால் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் இடத்தைச் சோதனைத் தாள் பறித்துவிடவில்லை.

நோய்க்கு முன்னரே வரும் சான்று

வியப்புக்குரிய செய்தி இனித்தான் வருகிறது. 2004 இல் ஆம்ஸ்டர்டாம் அறிஞர்கள், பிற்காலத்தில் முடக்குவாதம் கண்ட 79 பேர் அதற்கு முன்பு இரத்த தானம் செய்தபோது சேமித்து வைத்த மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேரின் இரத்தத்தில் வலியோ வீக்கமோ தோன்றுமுன்பே இவ்வெதிர்ப்பொருள்களில் ஒன்றேனும் இருந்தது. நடுத்தர அளவாக நாலரை ஆண்டுகள் முன்பே அது தோன்றிவிட்டிருந்தது. சுவீடனில் 2003 இல் வெளியான ஆராய்ச்சியும் இவ்வாறே கூறிற்று. நோய் மூட்டில் தொடங்குவதன்று. மூட்டுக்கு வருமுன்பே வேறெங்கோ தொடங்குகிறது என்பதற்கு இவை சான்றாயின.

எங்கே தொடங்குகிறது? 2006 இல் சுவீடனின் லார்ஸ் கிளாரஸ்கோக் குழுவினர், புகைபிடிப்போரின் நுரையீரலில் புரதங்கள் சிட்ரல்லின் திருத்தம் பெறுவதைக் காட்டி, குறிப்பிட்ட மரபுக்கூறு உடையோர் புகைபிடித்தால் இவ்வெதிர்ப்பொருள் உண்டாகும் வாய்ப்புப் பன்மடங்கு பெருகுகிறது என்றனர். இஃது ஐரோப்பியர்க்கு மட்டும் உரியதோ என்ற வினாவுக்கு நம் நாட்டிலேயே விடை கிடைத்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்கா நிலையமும் சேர்ந்து மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தாரிடையிலும் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2012 இல் வெளிவந்தது. புகையும் மரபுக்கூறும் கூடினால் இங்கும் அதே விளைவு. 2016 இல் அவ்வாராய்ச்சியே மற்றொன்றும் கூறிற்று: நெசவுத் தூசியைச் சுவாசித்துத் தொழில் செய்த பெண்களிடம் இந்நோய் மிகுதி.

வாயில் ஈறுநோய் விளைக்கும் போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்னும் கிருமியும் இத்தகைய திருத்தம் செய்யும் நொதியைத் தானே உடையது. ஈறுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் உள்ள உறவு இன்றும் ஆராயப்பட்டு வருகிறது. பில்லிங்ஸ் பல்லை நோக்கிக் கைகாட்டியது முற்றும் வீணன்று போலும்! ஆனால் பல்லைப் பிடுங்குவதற்கும் ஈற்றைப் பேணுவதற்கும் உள்ள தூரம் பெரிது.

எதைக் கூறும், எதைக் கூறாது

இனி நம் தொடக்க வினாவுக்கு வருவோம். எதிர்ப்பொருள் மிகுதியாக உள்ள நோயாளிக்கு எலும்பு அரிப்பு விரைந்து வரும் வாய்ப்பு அதிகம். மூட்டுக்கு அப்பாலும் நோய் பரவக்கூடும். முழங்கையருகே தோலடியில் தோன்றும் கட்டிகள், இரத்தக் குழாய் அழற்சி, நுரையீரல் தழும்பு ஆகியவை முடக்குவாதக் கூறு மிக்கோரிடமே பெரும்பாலும் காணப்படுகின்றன. 1924 இல் அமெரிக்காவின் அகஸ்டஸ் ஃபெல்டி, மூட்டு நோயோடு மண்ணீரல் பருத்து வெள்ளணுக்கள் குறைந்த ஐவரைப் பற்றி எழுதினார். அந்நிலையிலும் இக்கூறு மிக உயர்ந்தே இருக்கும் எனப் பின்னர் அறியப்பட்டது. 1953 இல் அந்தோணி கேப்லன் என்பவர் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலில் கண்ட கட்டிகளும் இத்தகையனவே. ஆக, நாளை என்ன நேரக்கூடும் என்பதை எதிர்ப்பொருள் முன்னறிவிக்கும்.

இன்று நோய் எவ்வளவு உக்கிரமாக இருக்கிறது என்பதை அது செவ்வனே கூறாது. நோய் தணிந்த பின்னும் ஆன்டி-சிசிபி பலரிடம் உயர்ந்தே நிற்கும். முடக்குவாதக் கூறு சற்று இறங்கலாம். அன்றாட உக்கிரத்தை அறிய வேறு சான்றுகள் உள்ளன. சிவப்பணுக்கள் குழாயில் படியும் வேகத்தை அளக்கும் ஈ.எஸ்.ஆர். சோதனை ஒன்று, 1930 இல் ராக்ஃபெல்லர் நிலையத்தில் கண்டறியப்பட்ட சி.ஆர்.பி. என்னும் புரதம் மற்றொன்று. நைமேகன் மருத்துவர்கள் வகுத்து உலகெங்கும் வழங்கும் அளவுமுறையில் 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்ப்பர், வலிப்பன எத்தனை, வீங்கியவை எத்தனை என எண்ணுவர், ஈ.எஸ்.ஆரையும், நோயாளி தம் நிலையைத் தாமே மதிப்பிட்டுக் கூறும் எண்ணையும் சேர்ப்பர். அக்கணக்கில் எதிர்ப்பொருளுக்கு இடமேயில்லை. ஆகவே மாதந்தோறும் ஆர்.எஃப். சோதனை செய்து, எண் ஏறியதா இறங்கியதா எனக் கவலையுறுவது பொருளையும் நிம்மதியையும் ஒருங்கே இழப்பதாகும்.

சிகிச்சையிலும் இச்சான்று வழிகாட்டியதுண்டு. எதிர்ப்பொருளை ஆக்கும் அணுக்களுக்கு மூலமான பி-அணுக்களை ஒழித்தால் நோய் தணியுமோ எனக் கருதிய இலண்டன் பேராசிரியர் ஜோனதன் எட்வர்ட்ஸ் குழுவினர், 161 நோயாளரிடம் ரிட்டக்சிமாப் என்னும் மருந்தைச் சோதித்து 2004 இல் நற்பயன் கண்டனர். அண்மையில், மூட்டுவலியும் எதிர்ப்பொருளும் இருந்து வீக்கம் இன்னும் தோன்றாத 213 பேரிடம் அபாடசெப்ட் என்னும் மருந்து ஓராண்டுக் காலம் சோதிக்கப்பட்டது. 2024 இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்ற காலத்தில் நோய் தோன்றியோர் மிகக் குறைவு. நிறுத்திய பின்னர் அவ்வேறுபாடு சுருங்கிற்று. வருமுன் காத்தல் இயலும் என்ற நம்பிக்கை பிறந்துள்ளது. நிலையாகக் காக்கும் வழி இன்னும் கைவரவில்லை. எதிர்ப்பொருள் உள்ளோர் அனைவர்க்கும் நோய் வருவதில்லை என்பதால், நலமாயிருப்பவர்க்கு மருந்து கொடுப்பது தகுமா என்ற வினாவும் உடன் நிற்கிறது.

நம் சித்த மருத்துவ வழக்கில் 'உதிர வாத சுரோணிதம்' என்று ஒரு நோய் கூறப்படும். அதன் குறிகளை இக்கால முடக்குவாதத்தோடு ஒப்பிடுவர். அப்பெயரில் உதிரம் இருப்பது கொண்டு எதிர்ப்பொருளை முன்னோர் அறிந்திருந்தனர் எனப் பேசுதல் அறிவுடைமையாகாது. ஆயினும் மூட்டின் நோய்க்கும் இரத்தத்துக்கும் உறவுண்டு என்ற எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று என்று மட்டும் கொள்ளலாம்.

1980களில் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து முடக்குவாத சிகிச்சையில் நிலைபெற்றது முதல், காலத்தே தொடங்கிய சிகிச்சை பலருடைய விரல்களைக் கோணாமல் காத்துவந்துள்ளது. காலையில் கைவிரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்து, மூட்டுகள் வீங்கி, அது சில வாரங்கள் நீடித்தால் மருத்துவரிடம் செல்லத் தயங்குதல் கூடாது. சோதனையில் 'இல்லை' என வந்தாலும் வீக்கம் நின்றபாடில்லை எனில் மீண்டும் செல்ல வேண்டும். நோயாளருள் நூற்றுக்கு இருபது, முப்பது பேர் அவ்வகையினரே. மூட்டில் குறி ஏதுமின்றி 'உண்டு' என வந்தால் கலங்க வேண்டியதில்லை. புகையை விட்டு, பல்லையும் ஈற்றையும் பேணி, மருத்துவர் சொல்லும் காலத்தில் மீண்டும் காட்டிக்கொள்வதே போதும். ஆஸ்லோ நகரில் ஒருவர் கொட்டிவிடாமல் வைத்துப் பார்த்த குழாயிலிருந்து உலகம் பெற்ற நன்மை இது. அந்த நன்மை நம் வீட்டாரின் கைகளுக்கும் வந்து சேர்வது, நாம் உரிய நாளில் மருத்துவரை நாடுவதைப் பொறுத்தே இருக்கிறது.